தெரு உரக்குழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் 14 வீடுகள் சேர்ந்து ஏழு வருடமாக ஒரு உரக்குழி வைத்திருக்கிறோம். வாய்ப்பழக்கத்தில் குழி என்கிறோம். உண்மையில் அவை தரைக்கு மேல் ஹாலோ பிளாக் கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய மூன்று தொட்டிகள். சனிக்கிழமை காலையில் கிளறிக்கொண்டிருக்கும்போது வழியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். எல்லோருக்கும் அநேகமாக ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"உரக்குழிக்கும் குப்பைத்தொட்டிக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் குப்பையத்தானே போடுதீங்க?"

குப்பைத்தொட்டியில் எல்லாம் விழும், பிறகு வேறெங்கோ போகும். உரக்குழியில் மக்குவது மட்டும் விழும், அங்கேயே கிடந்து உரமாகும். காய்கறித் தோல், வாடிய பூ, காப்பிச் சக்கை மாதிரி ஈரமானதையும், சருகு மாதிரி காய்ந்ததையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். காற்றும் அளவான ஈரமும் இருந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மண்ணாக்கிவிடும். இரண்டரை மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகும்.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. வீட்டுக்குப் பின்னால் எருக்குழி இருக்கும், சாணியும் கூளமும் அதில் சேரும், வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். இங்கே மாடு இல்லை, வயலும் இல்லை. அடுப்பங்கரை மட்டும் இருக்கிறது. அதற்கு ஏற்ற குழி இது.

"மாநகராட்சி வண்டி தினமும் வருது. அதுல போட்டா முடிஞ்சுது. நாம ஏன் மெனக்கெடணும்?"

குப்பையை வகைவாரியாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. பிரித்துக் கொடுத்தால் வண்டியில் போவதும் உரமாகலாம். பிரிக்காமல் கொடுத்தால் மாநகராட்சியின் ராமையன்பட்டி குப்பைக் கிடங்கு மாதிரி ஒரு மேட்டில் போய்க் குவியும். காற்றுப் புகாத குவியலுக்குள் சோறும் காய்கறியும் அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகும். அது எரியக்கூடிய வாயு. கோடையில் ராமையன்பட்டியில் தீப்பிடித்துப் புகை கிளம்புவது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

என்னை இதில் இறக்கியது வேறொன்று. ஒருநாள் காலையில் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா, நான் கொடுத்த பையை அவிழ்த்துப் பழைய குழம்பு ஊறிய பேப்பருக்குள் கையை விட்டுப் பால் கவரை உருவி எடுத்தார். கையுறை இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. என் வீட்டுக் குழம்பு அது. ஈரக் குப்பை தெருவிலேயே நின்றுவிட்டால் வண்டிக்குப் போவதெல்லாம் காய்ந்த சாமான்தான், யாரும் மூக்கைப் பிடிக்காமல் பிரிக்கலாம்.

"வீட்டுக்கு ஒரு தொட்டி வச்சுக்கிட்டாப் போதாதா? எதுக்குத் தெருவையே கூட்டணும்?"

வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. நானும் மொட்டைமாடியில் ஒரு மண்தொட்டியில்தான் ஆரம்பித்தேன். பத்தே நாளில் தண்ணீர் கசிந்து நாறியது. காரணம் எளிது. நான்கு பேர் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் நாளுக்கு அரைக்கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஈரக் கழிவு சேரும். அதற்கு அளவில் இரண்டு மடங்கு காய்ந்த சருகு வேண்டும். என் வீட்டில் ஒரு மரம்கூடக் கிடையாது.

எதிர் வீட்டு வாத்தியார் அண்ணாச்சி வீட்டிலோ பெரிய வேப்பமரம். தினமும் காலையில் சருகைக் கூட்டி மூலையில் தீ வைப்பார், அந்தப் புகை நேராக என் வீட்டுக்குள் வரும். இது பற்றி எங்களுக்குள் மனத்தாங்கல் உண்டு. ஒருநாள் சாக்கை எடுத்துக்கொண்டு போய், "அண்ணாச்சி, அந்தச் சருகை எரிக்காம எனக்குத் தாங்க" என்றேன். அவருக்கு ஆச்சரியம். மூன்று சாக்கு கட்டிக் கொடுத்தார். அன்றோடு புகையும் நின்றது, என் தொட்டி நாறுவதும் நின்றது. இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்: உரத்துக்கு வேண்டியதில் பாதி உங்கள் வீட்டில் இருக்கிறது, மீதிப் பாதி எதிர் வீட்டில் இருக்கிறது.

இன்னொன்று, சூடு. குவியல் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரமாவது இருந்தால்தான் உள்ளே உண்டாகும் சூடு வெளியேறாமல் நிற்கும். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் களை விதை, நோய்க்கிருமி பெரும்பாலும் செத்துப்போகும். சின்னத் தொட்டியில் அந்தச் சூடு வராது. ஒரு வீட்டுக் குப்பையை வைத்து அவ்வளவு பெரிய குவியலை ஒரு மாதத்தில் எழுப்பவும் முடியாது.

"நாறுமா? உள்ளதைச் சொல்லுங்க."

சரியாகச் செய்தால் நாறாது. நாறினால் ஏதோ தப்பு நடக்கிறது, என்ன தப்பு என்பதை நாற்றமே சொல்லிவிடும். அழுகின முட்டை வாடை வந்தால் ஈரம் அதிகம், காற்று இல்லை. கிளறிவிட்டுச் சருகு சேர்க்க வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது. அதற்கும் சருகுதான் மருந்து. கார்பன் 25 முதல் 30 பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்ற கணக்கு நுண்ணுயிர்களுக்குப் பிடித்தமானது. காய்கறிக் கழிவில் நைட்ரஜன் தூக்கல், சருகில் கார்பன் தூக்கல். வீட்டுக் கணக்கில் சொன்னால் ஒரு வாளி ஈரத்துக்கு இரண்டு வாளி சருகு.

ஈரம் பார்க்க ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போடுங்கள், ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் எங்களுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை தெளிக்க வேண்டியிருக்கும். சூடு பார்க்க ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. மார்கழிக் காலையில் கிளறும்போது குவியலிலிருந்து இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி கிளம்பும். முதல்முறை பார்த்த அன்று தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக மறந்து நின்றார்கள்.

"என்னென்ன போடலாம், என்னென்ன போடக் கூடாது?"

காய்கறி, பழத்தோல், கீரைத்தண்டு, தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, பூ எல்லாம் போடலாம். மீந்த சோறு, குழம்பு கொஞ்சம்தான், அதுவும் தண்ணீரை வடித்துவிட்டு. வேப்பிலை போட்டால் மக்காது என்று சிலர் சொல்வார்கள். எங்கள் குழி பெரும்பாலும் வேப்பஞ்சருகில்தான் ஓடுகிறது, அருமையாக மக்குகிறது. மார்க்கெட்டுக்கு வாழைத்தார் சுற்றி வரும் சருகையும் கேட்டு வாங்கி வருவோம். சிரட்டை, தேங்காய்க் கதம்பை, பனங்கொட்டை, நுங்கு எடுத்த கூந்தல் எல்லாம் மக்க வருடக்கணக்காகும், குழியில் வேண்டாம். நாய்க் கழிவு, டயப்பர், நாப்கின் கூடவே கூடாது.

ஒளிந்து வருபவைதான் தொல்லை: பால் கவரில் நறுக்கிய முனை, ஆப்பிளில் ஒட்டிய ஸ்டிக்கர், பூப்பொட்டலத்து ரப்பர் பேண்டு. வாழைநாரில் கட்டிய பூச்சரம் அப்படியே மக்கிவிடும். நைலான் நூலில் கட்டியதோ மூன்று மாதம் கழித்துச் சலிக்கும்போது முடிமுடியாகச் சல்லடையில் சுற்றிக்கொள்ளும். எங்கள் தெருவில் இப்போது பூக்கார அம்மாவிடம் நாரில் கட்டியதாகக் கேட்டு வாங்குகிறோம்.

"நாங்க சைவம். அந்தக் குழியில மீன் செதில் விழுந்தா நான் எப்படிப் போடுவேன், அந்த உரத்தை எப்படித் தொடுவேன்?"

இந்தக் கேள்வி வராத தெரு திருநெல்வேலியில் இருக்காது. எங்கள் தெருக் குழியில் மீன், கறிக் கழிவு போடுவதில்லை. நாயும் பூனையும் இழுத்துப் போடும், திறந்த குழிக்கு அது ஒத்துவராது என்பதுதான் காரணம். அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் விதி வைத்தோம். "சைவக்காரர்களுக்காக" என்று சொல்லியிருந்தால் பாதி வீடு அன்றைக்கே விலகியிருக்கும், அவர்கள் விலகுவதும் நியாயம்தான். மீன் வாங்கும் வீடுகள் தலை, குடல், செதிலைத் தங்கள் தென்னைக்கோ முருங்கைக்கோ பக்கத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கின்றன. மரம் இல்லாத வீட்டுக்கு அண்ணாச்சி வீட்டுக் கொல்லையில் இடம் உண்டு.

"கோயில் கொடைக்கு அன்னதானம் போட்டா முந்நூறு இலை விழும். எச்சில் இலையைக் குழியில போடலாமா?"

போடலாம், ஆனால் முழுசாகப் போடாதீர்கள். வாழை இலை ஒன்றின்மேல் ஒன்று தாள் மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். எங்கள் முதல் கொடைக்கு அப்படித்தான் ஆயிற்று, ஒரு வாரம் தெருவே மூக்கைப் பொத்தியது. இப்போது அருவாளால் நாலு விரல் அகலத்துக்கு நறுக்கிவிடுகிறோம். பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய்ப் பொட்டலம், மிட்டாய்த் தாள் எல்லாம் இலையை மடக்கும் இடத்திலேயே தனி வாளிக்குப் போய்விட வேண்டும். கொடைக்குக் கால் நாட்டியதுமே பத்துச் சாக்குச் சருகு சேர்த்து வைத்துவிடுவோம்.

எச்சில் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. அடுத்தவர் இலையை எடுப்பதில் நம்மிடம் பெரிய கட்டுப்பாடே இருக்கிறது. முதல் வருடம் இலை நறுக்க நான்கு பேர்தான் வந்தோம். எண்பது வயது மேலவீட்டு ஆச்சி ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எம் பிள்ளைக சாப்பிட்ட எலதானே" என்று நறுக்க ஆரம்பித்தார். அதன்பிறகு ஆள் கூடிவிட்டது.

"கிளறுறதுக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வச்சா என்ன? நம்ம கையாலயா செய்யணும்?"

முதல் மூன்று மாதம் அப்படித்தான் செய்தோம். ஒருவர் வாரம் ஒருமுறை வந்து தனியாகக் கிளறிவிட்டுப் போவார். நாங்கள் வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். குழியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிளாஸ்டிக் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் அவர் கண்ணாடிச் சில்லில் கையைக் கிழித்துக்கொண்டார். யார் வீட்டிலிருந்து வந்த சில்லு என்று இன்றுவரை தெரியாது.

குப்பை வேலையை இன்ன சாதிக்காரர்தான் செய்ய வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம். இந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பேசாமல் உரக்குழியைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் கொடுத்தாலும் அந்தப் பழைய ஏற்பாடுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. அதனால் முறை வைத்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு வீடு, ஏழு வாரத்துக்கு ஒருமுறை உங்கள் முறை வரும். டாக்டர் வீடு, வாடகை வீடு, மாடி வீடு எல்லோருக்கும் ஒரே மம்பட்டி. முக்கால் மணி நேர வேலை. முடியாதவர்கள் சருகு பொறுக்கலாம், சலிக்கலாம். ஆச்சி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டு வருவார். வேலையை விட அந்தக் காப்பி நேரம்தான் நீளும்.

"பக்கத்து வீட்டோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்ல. அவங்களோட எப்படி ஒரே குழி?"

எங்கள் தெருவில் சுவர்ப் பிரச்சினையில் ஒன்பது வருடம் பேசாமல் இருந்த இரண்டு வீடு உண்டு. முறைப் பட்டியல் வீட்டு வரிசைப்படி போட்டது, அதனால் இருவரும் ஒரே சனிக்கிழமையில் விழுந்தார்கள். மாற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தோம். யார் முதலில் கேட்பது என்ற வீம்பில் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர் மம்பட்டியால் அள்ள, மற்றவர் ஓலைக் கடகத்தை ஏந்த வேண்டும். "பிடி", "போதும்", "இன்னுங் கொஞ்சம்". அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

சுவர்ப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆனால் போன மாதம் ஒருவர் மற்றவரைப் பார்த்து, "இந்த வாரம் சருகு பத்தாது, நான் கொண்டு வாரேன்" என்று சொன்னதை நானே கேட்டேன். மனம் கலந்து உட்காராவிட்டாலும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் பேசுவதற்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. சமாதானம் செய்துவைப்பதற்காக என்று யாரையும் குழிக்குக் கூப்பிடாதீர்கள். முறை வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

"புழு நெளியுதே! அப்படியே கொட்டிரலாமா?"

எந்தப் புழு என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் தட்டையாக, முக்கால் அங்குல நீளத்தில் இருந்தால் அது கருப்புப் போர்வீரன் ஈயின் புழு. ஈரக் கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், உங்கள் கூட்டாளி. ரொம்பக் கூடினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

வெள்ளையாக, விரல் தடிமனில், பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தால் கவனம். அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். எருக்குழி மாதிரி மக்கும் இடங்களில்தான் அந்த வண்டு முட்டையிடும். வளர்ந்து வெளியே போய்த் தென்னங்குருத்தைத் துளைக்கும், விரிந்த ஓலை விசிறியைக் கத்தரித்த மாதிரி இருக்கும். தென்னை நிறைந்த நம் பக்கத்தில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. வாரம் தவறாமல் கிளறினால் கண்ணில் பட்டுவிடும், பொறுக்கி அழித்துவிடலாம். நிறைய இருந்தால் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை என்று விவசாயிகள் எருவில் கலப்பது உண்டு, வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

"எலி, பாம்பு?"

எலி சோற்றுக்கு வரும், பாம்பு எலிக்கு வரும். சோற்றைக் குறைத்து, போட்டதைச் சருகால் மூடி, கல் இடைவெளியில் கம்பி வலை அடித்தால் இரண்டும் வராது. ஏழு வருடத்தில் ஒரே ஒரு சாரைப்பாம்பு வந்தது, தானே போய்விட்டது.

"ஐப்பசி கார்த்திகை மழைக்கு என்ன செய்வீங்க?"

மேலே தகரம், கீழே ஓரடி மேடை. இந்த மேடையை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறியது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அப்போது எங்கள் தொட்டிகள் தரையோடு தரையாக இருந்தன. மூன்றும் முங்கிக் கருப்புக் குழம்பாகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் அவரவர் வீட்டுச் சேற்றை வழித்த கையோடு பிள்ளைகளும் பெரியவர்களுமாக வந்து குழியையும் அள்ளிப் போட்டு, மேடை கட்டினோம். மழைக்காலத்துக்கு ஆவணியிலேயே இருபது சாக்குச் சருகைத் திண்ணையில் ஏற்றிவிடுங்கள். நனைந்த சருகால் பலன் இல்லை.

"இடத்துக்கு எங்க போவ?"

வளவு வீடுகளில் பொது முற்றத்து ஓரம் போதும், அவர்களுக்கு எல்லாவற்றையும் பங்கிட்டுப் பழக்கமும் உண்டு. தெருவென்றால் காலி மனைக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோயில் நந்தவனம், பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், குடியிருப்புப் பூங்கா என்றால் பொறுப்பானவர்களிடமும் வார்டு உறுப்பினரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிணற்றுக்குப் பக்கம் வேண்டாம். நான்கடிக்கு நான்கடித் தொட்டி மூன்று: ஒன்று நிரம்ப, ஒன்று மக்க, ஒன்று ஆற.

"ஒருத்தர் கவரோட அப்படியே வீசுறாரு. யாருன்னும் தெரியும். எப்படிச் சொல்ல?"

வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். படம் எடுத்துப் போடவே போடாதீர்கள். நாங்கள் ஒருமுறை போட்டு ஒரு குடும்பத்தை ஆறு மாதம் இழந்தோம். அவர் முறை வரும்வரை பொறுங்கள். தான் போட்ட கவரைத் தானே உருவி எடுக்கும்போது யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. அடிக்கடி வீசுபவர் பெரும்பாலும் நேரமில்லாதவராக இருப்பார். மாடி வீட்டில் தனியாக இருக்கும் தம்பி இரவு ஷிப்ட் முடிந்து வருபவர். அவர் வாளியை மூலைவீட்டு மைனி தன் வாளியோடு சேர்த்துக் கொண்டுவருகிறார், பதிலுக்கு அவர் மைனி வீட்டுச் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக் கொடுக்கிறார்.

"உரம் ஆயிட்டுதுன்னு எப்படித் தெரியும்? பங்கு எப்படி? விக்கலாமா?"

கருப்பாக, பொலபொலவென்று, முதல் மழை விழுந்த மண் வாசத்தோடு இருந்தால் ஆயிற்று. கிளறினாலும் சூடு ஏறக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு பிடியை ஈரத்தோடு கவரில் கட்டி மூன்று நாள் கழித்துத் திறந்து பாருங்கள், நாறினால் இன்னும் ஆகவில்லை. அல்லது அதில் வெந்தயம் விதைத்துப் பாருங்கள். நூறு கிலோ போட்டால் இருபத்தைந்து முப்பது கிலோ உரம் வரும்.

பங்கை நாங்கள் எடை போடுவதில்லை. வீட்டுக்கு ஒரு கடகம், தொட்டிச் செடிக்கு மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கலக்கலாம். செடி வைக்காதவர்கள் தங்கள் பங்கை விரும்பியவர்களுக்குத் தருவார்கள். அதில் விளைந்த கத்தரிக்காய் திரும்பி வரும், அதன் காம்பு மறுபடி குழிக்குப் போகும். விற்பதை நான் ஆதரிக்கவில்லை. விற்பனை உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தரமும் உரிமமும் வேண்டும். அதை விடப் பெரிய காரணம், காசு வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சண்டை வரும். மிஞ்சியதைத் தெரு முனைப் பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்.

"ஆரம்பத்துல எல்லாரும் வருவாங்க. வருஷம் ஆனா விட்டுருவாங்களே?"

விடுவார்கள். எங்கள் 14 வீட்டில் இரண்டாம் வருடம் ஒன்பதுதான் இருந்தது. கோடை விடுமுறையில் ஐந்தாகக்கூடக் குறைந்தது. ஆனாலும் சனிக்கிழமை ஆறரை மணியை மாற்றவில்லை. ஒருவர் வந்தாலும் கிளறினோம். நின்றுபோன வீட்டுக்கும் உரக் கடகம் போனது. காரணம் கேட்டு யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. விட்டவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், பெரும்பாலும் ஒரு கொடையோ மழையோ கழிந்த பிறகு.

"சரி, நாளைக்கே தொடங்கணும்னா முதல்ல என்ன வாங்கணும்?"

ஒன்றும் வாங்க வேண்டாம். மாசி பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும், அப்போது தொடங்குவது உத்தமம். இரண்டு காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் மரம் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சருகு தருகிறீர்களா என்று கேளுங்கள். எதற்கு என்று கேட்பார்கள். சொல்லுங்கள்.